தேய்க்கப்பட்ட பூ: புதிதாக வந்த ஒருவர் ஏன் திரும்பி வரவில்லை

பழைய துப்பாக்கிகளில் ஆர்வமுள்ளவர்கள் நாலு பேர் எங்கே கூடினாலும் ஒரு புலம்பல் கேட்கும்: "இளசுகள் யாரும் வருவதில்லை." எங்கள் குழுவும் விதிவிலக்கு இல்லை. மாதம் ஒருமுறை கூடுகிறோம். தலைகள் நரைத்துக்கொண்டே போகின்றன, காலி நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன. உண்மையைச் சொன்னால் ஆட்கள் வராமல் இல்லை. வருகிறார்கள், ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அப்புறம் ஆளைக் காணோம். ஏன் என்று யாரிடமும் நாங்கள் கேட்டதில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் நான் கேட்டேன். அவர் சொன்னது, அதற்கு முன் நடந்தது, பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். துப்பாக்கியின் விவரங்களை விடவில்லை. எங்கள் தவறு முழுவதும் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

முதல் கூட்டம்

வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தாத்தா காலமான பிறகு வீட்டைக் காலி செய்தபோது, பெட்டிக்கு அடியில் கம்பளியில் சுற்றிய ரைஃபிள் ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்து, பதிவு வேலையை முடித்துவிட்டு, கைப்பேசியில் படங்களோடு மட்டும் வந்தார். (இதற்கே அவரைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.) தாள் ஒன்றில் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருந்தார். இது என்ன துப்பாக்கி? மேலே பூப்போல ஒரு முத்திரை இருந்திருக்கிறது, அதை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், ஏன்? இது என்ன விலை போகும்?

முதல் படத்தைப் பார்த்ததுமே மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அரிசாகா.

ஜப்பானிய ராணுவத்தின் போல்ட் ரைஃபிள்களுக்கு (ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை), அவற்றின் மூல வடிவத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய அரிசாகா நரியாகிராவின் பெயரே பொதுப்பெயராக நின்றுவிட்டது. அவற்றில் அதிகம் கண்ணில் படுபவை இரண்டு. 38ஆம் வகை 6.5 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. மெய்ஜி பேரரசர் ஆட்சியின் 38ஆவது ஆண்டு, அதாவது 1905, அதன் பெயரில் இருக்கிறது. 99ஆம் வகை 7.7 மில்லிமீட்டர். இந்த 99 ஆட்சியாண்டு இல்லை. ஜப்பானின் பேரரசு ஆண்டுக்கணக்கில் 2599இன் கடைசி இரண்டு இலக்கங்கள், நமக்கு 1939. ஒரே ராணுவம், ஒரே ரைஃபிள் குடும்பம், இரண்டு நாட்காட்டிகள். எது எது என்று கண்டுபிடிக்க ஜப்பானிய எழுத்து தெரிய வேண்டியதில்லை. தோட்டா அறைக்கு மேலே, பூ இருந்த இடத்தை ஒட்டி வரிசையாக மூன்று எழுத்துகள் வெட்டியிருக்கும். அவற்றில் முதல் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் அது 99.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லிவிட்டு, "தம்பி, உங்கள் படத்தில் நீங்களே பாருங்கள்" என்று கைப்பேசியை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தால் முதல் கேள்விக்கு அவரே விடை சொல்லியிருப்பார். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. கைப்பேசி எங்கள் கைகளுக்குள்ளேயே சுற்றியது. நகோயா ஆலையில் செய்ததா கொக்குரா ஆலையில் செய்ததா என்று ஒருவர் ஆரம்பித்தார். முன்பக்கம் மடிக்கும் கம்பிக் கால் இல்லையே, அப்படியானால் பிந்திய தயாரிப்பு என்றார் இன்னொருவர். கழன்று தொலைந்திருக்கலாமே என்றார் மூன்றாமவர். விமானத்தைக் குறிபார்க்கப் பின்பக்கக் குறிகாட்டியில் இரு பக்கமும் மடிந்து விரியும் கைகள் இருந்தனவா, குழலுக்குள் குரோமியப் பூச்சு இருக்குமா, போர் முடியும் தறுவாயில் எதையெல்லாம் மிச்சம் பிடித்தார்கள்... அருமையான பேச்சு. நானும் வாய் ஓயாமல் பேசினேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு விடை சொன்னவர் எங்கள் குழுவிலேயே விஷயம் அதிகம் தெரிந்தவர். அந்தப் பூ பதினாறு இதழ் சாமந்தி, பேரரசரின் சின்னம். துப்பாக்கி அவருடைய சொத்து என்று பொருள். 1945இல் ஜப்பான் சரணடைந்து ஆயுதங்களை ஒப்படைத்தபோது, பேரரசரின் சின்னம் எதிரியின் கைக்குப் போகக் கூடாது என்று ஏராளமான ரைஃபிள்களில் அதைத் தேய்த்து அழித்தார்கள். இதையெல்லாம் சரியாகவே சொன்னார். அதற்குள் அந்த இளைஞர், "தாத்தா இதைச் சண்டையில் எதிரியிடமிருந்து பிடுங்கியதாகத்தான் சார் சொல்வார்" என்றார். "அப்படியென்றால் தாத்தா விட்ட கதை. சண்டையில் பிடித்ததில் பூ இருக்கும்" என்றார் நம்மவர். எல்லோரும் சிரித்தோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேசையில் எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான்.

விலைக் கேள்விக்கு, "அதெல்லாம் இங்கே பேசுவதில்லை" என்று பதில் வந்தது.

கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். மரக்கட்டையின் பின்பகுதியில் நீளவாக்கில் ஒரு விரிசல் தெரிகிறது, இரும்பில் அங்கங்கே துரு இருக்கிறது, என்ன செய்யட்டும்? அப்போது பேச்சு வேறு எங்கோ போய்விட்டிருந்தது. யாரோ ஒருவர் திரும்பிப் பார்க்காமலே, "சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், போதும்" என்றார். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கூட்டம்

அடுத்த மாதமும் வந்தார், புதிய படங்களோடு. சொன்னபடி சுத்தம் செய்திருந்தார். இரும்பு நார் போட்டுத் தேய்த்ததில் துருவோடு ஆலையில் போட்ட கருநீல மெருகும் போய், குழல் புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளபளத்தது. மரக்கட்டையை உப்புத்தாளால் இழைத்திருந்தார். ஜப்பானிய ரைஃபிள்களின் கட்டைக்கு உருஷி என்கிற மரப்பால் மெருகு பூசுவார்கள். செம்பழுப்பாக, கையில் பட்டால் வழவழவென்று இருக்கும். அதுவும் போயிருந்தது. "விரிசலில்" பசையை நிரப்பிக் கயிறு கட்டிக் காய வைத்திருந்தார்.

அது விரிசலே இல்லை. அரிசாகாவின் பின்கட்டை ஆலையிலேயே இரண்டு துண்டு மரங்களைக் காடி வெட்டிப் பொருத்திச் செய்தது. அகல மரம் குறைவாகச் செலவாகும் என்று அப்படிச் செய்தார்கள். அந்தக் கோடு இருப்பதுதான் அசலுக்கு அடையாளம். புதிதாகப் பார்க்கிற யாருக்கும் அது உடைந்து ஒட்டியதுபோலத்தான் தெரியும். எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்தது.

கூட்டம் என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் தலையில் கை வைத்தார். ஒருவர், "கொலை" என்றார். இதற்கு நடுவில் அவர் இன்னொன்றும் சொன்னார்: நண்பர் ஒருவர் கொஞ்சம் பிரிட்டிஷ் .303 அங்குலத் தோட்டா தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவும் 7.7தானாம், ஒருமுறை சுட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அப்போதுதான் மேசை அமைதியானது. அப்புறம் நாலு பேர் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். இரண்டு குண்டுகளின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. தோட்டாக் கூடுகள் வேறு வேறு, .303க்கு அடியில் விளிம்பு உண்டு, இதற்கான தோட்டா வேறு. சத்தத்தில் விஷயம் போய்ச் சேர்ந்தது. சுடவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

எங்கே தவறினோம்

நாலு மாதம் கழித்து அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். துப்பாக்கியைக் கெடுத்ததற்காகத் திட்டியதால் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்பதுதான் குழுவில் எல்லோருடைய கணிப்பும். என்னுடையதும் அதுதான். அது தவறு.

திட்டு வாங்கியது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. "தெரியாமல் செய்தேன், திட்டினார்கள், சரி" என்றார். போனதற்குக் காரணம் தாத்தாவைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரி. "சார், அந்தத் துப்பாக்கி என்ன வகை என்று தெரிந்துகொள்ள மட்டும் நான் வரவில்லை. தாத்தா போரைப் பற்றி வாழ்நாளில் சொன்னதே மூன்று கதைதான். நீங்கள் அதில் ஒன்றை எடுத்துவிட்டீர்கள்."

அதைவிட உறுத்துவது, அந்த முடிவே அவசர முடிவு என்பது. தேய்த்த பூ பெரும்பாலும் சரணடைவுக்குப் பிந்தியதைத்தான் காட்டும். ஆனால் அது இந்தத் துப்பாக்கியின் கதை, அதைக் கொண்டுவந்த ஆளின் கதை அல்ல. வீரர்கள் நினைவுப் பொருள்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள், சீட்டாட்டத்தில் தோற்றார்கள், ஊருக்குக் கப்பலேறும்போது கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். சண்டையில் ஒன்றைப் பிடித்து, அதைத் தொலைத்து, பின்னால் வேறொன்றைக் கொண்டுவந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? முத்திரையைப் படிக்கத் தெரிந்த நமக்கு, முத்திரை எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

விலைக் கேள்வியிலும் சறுக்கினோம். விலை கேட்டால் விற்க வந்தவன், விற்க வந்தவன் நம்மவன் இல்லை என்று ஒரு மனக்கணக்கு எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. அவர் கேட்டதோ பாகப்பிரிவினைக்காக. துப்பாக்கியைத் தான் வைத்துக்கொண்டால் தம்பிக்கு ஈடாக எவ்வளவு கொடுப்பது என்று அவருக்கு ஓர் எண் வேண்டியிருந்தது.

மூன்றாவது தவறு எங்களை உண்மையிலேயே பயமுறுத்த வேண்டியது. ஒரு மணி நேரம் பேசினோமே, அதில் ஒருவர்கூட "துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்கவில்லை. "சுடாதீர்கள்" என்றும் சொல்லவில்லை. அரிசாகா விஷயத்தில் இது சாதாரணக் கவனக்குறைவு இல்லை. ஜப்பானில் பள்ளி மாணவர்களின் ராணுவப் பயிற்சிக்கென்று, அசல் மாதிரியே தோன்றும் ரைஃபிள்களைத் தனியாகச் செய்தார்கள். வெற்றுத் தோட்டா வெடிக்க மட்டும் செய்தவை. குழலுக்குள் முறுக்கு வரிகள் இருக்காது, உடல் பலமில்லாத வார்ப்பிரும்பு. உண்மையான தோட்டாவைப் போட்டால் அதைப் பிடித்திருப்பவரின் முகத்துக்கு நேரே வெடிக்கக்கூடும். அவற்றில் பொதுவாகச் சாமந்தி முத்திரை இருக்காது. ஆக, "பூவைக் காணோம், ஏன்?" என்று ஒருவர் கேட்டால் அதற்குள் உயிர்போகிற ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: தேய்த்ததா, முதலிலிருந்தே இல்லையா? இவருடையது நிஜமாகவே தேய்த்த 99. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அவருடைய அதிர்ஷ்டம்.

இப்படி வெளியே தெரியாத ஆபத்து எல்லா நாட்டுத் தயாரிப்பிலும் உண்டு. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலை செய்தவற்றில் 8,00,000க்குக் கீழே எண் உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்பார்கள். இரும்பின் சூட்டைத் தொழிலாளர்கள் கண்ணால் நிறம் பார்த்து முடிவு செய்த காலத்தவை, சிலவற்றின் உடல் கண்ணாடிபோல நொறுங்கியது. பிரிட்டிஷ் ரைஃபிளில் 'டிபி' என்று வெட்டியிருந்தால் அது கவாத்துக்கு மட்டும். பிரிட்டனின் வெப்ளி ரிவால்வர்களில் பலவற்றின் உருளையை வேறு தோட்டா போடுவதற்காகப் பின்னால் சீவியிருப்பார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் அதற்கு ஆகாது. பழகியவர்களுக்கு இதெல்லாம் அரிச்சுவடி. அரிச்சுவடி என்பதாலேயே வாய்விட்டுச் சொல்ல மறந்துபோகிறோம்.

மாற்றியது

பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. புதிதாக ஒருவர் வந்தால் மேசைக்கு அழைப்பதற்கு முன் ஒரே ஒருவர் அவரோடு தனியாக உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் முடிவு. யார் உட்காருவது என்பதில்தான் சண்டை. விஷயம் அதிகம் தெரிந்தவர்தானே உட்கார வேண்டும் என்றார்கள். நான் எதிர்த்தேன். போன வருஷம் புதிதாக வந்தவர்தான் அதற்குச் சரியான ஆள். எது தெரியாமல் தவித்தோம் என்பது அவருக்குத்தான் இன்னும் மறக்கவில்லை. முப்பது வருஷம் பழகியவருக்குக் கட்டையில் உள்ள கோடு இணைப்பாகத்தான் தெரியும். அது விரிசலாகத் தெரிந்த நாள் அவருக்கு ஞாபகம் இல்லை.

அந்த ஆள் முதலில் சொல்ல வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுத்தோம். குழல்வாய் யாரையும் பார்க்கக் கூடாது. போல்ட்டைத் திறந்து அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். திறக்கத் தெரியாவிட்டால் தொடாமல் தெரிந்தவரை அழைக்க வேண்டும். ஊர்ச் சட்டத்தை முதலில் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் 'பழையது' என்பதற்கு ஊருக்கு ஊர் பொருள் வேறு: அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1898இல் கோடு போடுகிறது, பிரிட்டனில் செய்த காலத்தோடு தோட்டா வகையும் எதற்காக வைத்திருக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். அப்புறம், எதையும் தேய்க்கக் கூடாது. மெல்லிய எண்ணெய் தோய்த்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சுடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், தகுதியான துப்பாக்கித் தொழிலாளி பார்த்துச் சொல்லும்வரை.

இதற்குப் பிறகுதான் சுவையான பகுதி: விடையைச் சொல்லாமல், விடை இருக்கும் இடத்தைக் காட்டுவது.

இது வேலை செய்கிறது என்று எனக்குப் பட்டது அடுத்து வந்த ஒரு பெண்ணின் விஷயத்தில். அவரிடம் இருந்தது பெரியப்பாவின் லீ-என்ஃபீல்ட், பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பித்தளையோ மரமோ இல்லாத அந்த இரும்புக் கழுத்தில் கிரீடம், என்ஃபீல்ட், 1917, அதன் கீழே ரோமன் மூன்று, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். "இந்த நட்சத்திரம் என்ன, பரிசு வாங்கியதா?" என்று கேட்டார். அவரோடு உட்கார்ந்தவர் குழுவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். அவர் பதில் சொல்லவில்லை. நட்சத்திரம் இல்லாமல் வெறும் ரோமன் மூன்று மட்டும் உள்ள ரைஃபிளின் படம் ஒன்றைக் கொடுத்து, "வீட்டில் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுடையதில் எது குறைகிறது?" என்று கேட்டு அனுப்பினார்.

அடுத்த மாதம் அந்தப் பெண் பட்டியலோடு வந்தார். வலப்பக்கம் தோட்டாப் பெட்டியை மூடும் தட்டு இல்லை. இடப்பக்கம் முன்னால் இருக்கும் வட்டத் தகடு இல்லை. அப்போதுதான் பெரியவர்கள் வாய் திறந்தோம். அந்தத் தட்டு, பெட்டியில் உள்ள பத்துத் தோட்டாவையும் கையிருப்பாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுவதற்கு. அந்த வட்டத் தகடு, ஒரு படைப்பிரிவே சேர்ந்து 2,000 கஜத்துக்கும் அப்பால் மழைபோலச் சுடுவதற்கான குறிகாட்டி. இரண்டும் பழைய போர்முறையின் மிச்சம். பதுங்குகுழிப் போரில் யாருக்கும் தேவைப்படவில்லை, லட்சக்கணக்கில் ரைஃபிள் வேண்டியிருந்தது, எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு அடையாளம் அந்த நட்சத்திரம். "ஆக, பரிசு இல்லை, சிக்கனம்" என்றார் அவர். மேசை முழுவதும் சிரித்தது, இந்த முறை அவரோடு சேர்ந்து.

போல்ட் கைப்பிடியின் பின்னால் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பதையும் அவரே கண்டுபிடித்திருந்தார். யாரோ மாற்றி ஏமாற்றிவிட்டதாக நினைத்தார். பழுது பார்க்கும்போதும், குவியலாகக் கழித்து விற்றபோதும் போல்ட்கள் கலந்துபோவது சாதாரணம் என்றோம். சேகரிப்பவருக்கு அதனால் மதிப்புக் கொஞ்சம் குறையும். சுட நினைப்பவருக்கு அது கட்டாயம் பரிசோதிக்க வேண்டிய அறிகுறி. இப்போது புதியவர்களோடு உட்காருவது அவர்தான். சொந்தமாக வேறு துப்பாக்கி வாங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. துப்பாக்கி முனையில் பொருத்தும் பயோனெட் கத்திகளும் பழைய ராணுவக் கையேடுகளும் சேர்க்கிறார். இந்த ஆர்வத்துக்குள் வர ஒரு துப்பாக்கி வேண்டும் என்று எங்களை அறியாமலே ஒரு விதி வைத்திருந்தோம், அதை உடைத்தவர் அவர்.

ஒத்துக்கொள்ளாதவர்கள்

"தாத்தா விட்ட கதை" என்று சொன்ன அந்த மூத்தவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருக்கிறது. எங்களுக்கு யார் ஊட்டினார்கள்? ஆர்வம் இருந்தால் தானே கற்றுக்கொள்வான்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூட்டத்தின் முதல் பாதி முன்புபோலச் சூடாக இருப்பதில்லை. நகோயாவா கொக்குராவா என்கிற வாக்குவாதத்துக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இந்தக் குழுவின் ஆட்கள்தான். ஆனால் அவருக்கு யாரும் ஊட்டவில்லை என்பது உண்மையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பற்றி அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

எல்லோருக்கும் கதவைத் திறக்கவும் இல்லை. செயலிழக்கச் செய்த துப்பாக்கியை மறுபடி சுட வைப்பது எப்படி, பதிவு இல்லாமல் தோட்டா எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆள் எண்ணிக்கை குறைகிறதே என்று இதில் வளைந்துகொடுக்கிற குழு நிலைக்காது. ஜெர்மன் ரைஃபிளில் நாஜிக் காலக் கழுகு முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, வேறு எதையும் கேட்காமல் போகிறவர்களை என்ன செய்வது என்றுதான் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.

அந்த இளைஞரிடம் பிறகு இரண்டு முறை பேசினேன். தேய்த்த பூவைப் பற்றி நாங்கள் சொன்னது எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நிற்கும் என்பதை நிதானமாக விளக்கினேன். கட்டையில் உள்ள கோடு ஆலை வேலை என்று சொன்னதும் வெந்நீரில் நனைத்த துணியால் பசையை எடுக்கப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், மரவேலை தெரிந்த ஒருவர் பார்க்கட்டும், அதுவரை கை வைக்காதீர்கள் என்றேன். சிரித்துவிட்டு, "இதைத்தானே சார் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. வைக்கும்போது, தம்பிக்கு எவ்வளவு கொடுப்பது என்று யாராவது ஓர் எண் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். மெருகு போனதற்கு எவ்வளவு கழிப்பது என்று மேசையில் கேட்டுப் பார்த்தேன். மூன்று கூட்டம் ஆகிறது, இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.